வெளிச்சுவர் யாருடையது?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளில் வீடு வாங்கிக் குடியிருக்கும் நமது வியாபாரிகள் பலர், கடைக்கு வந்து ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான். கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமென்று சபை பணம் கேட்கிறது. "ஹாஜியார், என்ட வீட்டுக்குள்ள நான் போன வருஷம்தான் அடிச்சேன். வெளியால அடிக்கிறதுக்கு நான் ஏன் சல்லி குடுக்கணும்?" என்று கேட்கிறார்கள். பழைய சோனகத் தெருவில் முப்பது வருடங்களாகப் பெயின்ட் விற்பவன் நான். பெயின்ட் விற்பவனிடம் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே என் பதிலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

தொடர்மாடி வீட்டுரிமை தொடர்பாக நமது நாட்டில் இருப்பது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். அது 1982இலும் 2003இலும் திருத்தப்பட்டது. நீங்கள் உறுதி எழுதி வாங்குவது உங்கள் வீட்டை மட்டுமல்ல. அத்திவாரம், தூண்கள், பிரதான சுவர்கள், கூரை, படிக்கட்டு, லிஃப்ட், தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொதுச் சொத்து. அவற்றில் உங்களுக்கும் ஒரு பங்கு எழுதப்பட்டிருக்கிறது. எனவே வெளிச்சுவர் மேல்மாடிக்காரனுடையதும் அல்ல, சபைத் தலைவருடையதும் அல்ல. எல்லோருடையதும்தான். அதேபோல் "என் பல்கனிப் பக்கத்தை மட்டும் நான் பச்சையாக அடித்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் கிளம்பவும் முடியாது. கொட்டாஞ்சேனையில் ஒரு கட்டடத்தைக் கண்டேன். நான்கு மாடியில் நான்கு நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

கட்டடத்தின் வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவானதும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்ற ஒன்று உருவாகிவிடுகிறது. வீட்டுச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். நாம் "சபை" என்று திட்டுவது, அந்த உறுப்பினர்கள் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் தெரிவுசெய்யும் சிலரைத்தான். பொதுச் சொத்தை நல்ல நிலையில் பராமரிப்பது அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடமையென்று சட்டம் சொல்கிறது. அதற்காக நிதியொன்றை ஏற்படுத்தி, உறுப்பினர்களிடம் பணம் அறவிடும் அதிகாரத்தையும் கொடுக்கிறது. ஆகவே "கேட்க இவர்கள் யார்?" என்ற கேள்விக்கு இடமில்லை. எவ்வளவு கேட்கலாம், யாரிடம் எவ்வளவு, கொடுத்த பணத்துக்குக் கணக்கு எங்கே என்ற கேள்விகளுக்குத்தான் இடம் இருக்கிறது. சண்டை வருவதும் இந்த மூன்றிலேதான்.

பெரும்பாலான சிறிய கட்டடங்களில் செய்வது, மொத்தச் செலவை வீடுகளின் எண்ணிக்கையால் பிரிப்பது. கேட்க நியாயம் போலத் தோன்றும். சட்டம் சொல்வது அதுவல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்குப் பெறுமதி உண்டு. அதன்படிதான் அறவிட வேண்டும். உதாரணத்துக்கு 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தில் மொத்தப் பங்குப் பெறுமதி 240 என்று வைப்போம். பெயின்ட் வேலைக்கு மதிப்பீடு 48 இலட்சம் ரூபா. தலைக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 2 இலட்சம். பங்குப்படி பிரித்தால் ஒரு பங்குக்கு 20,000 ரூபா. 6 பங்குள்ள சின்ன வீட்டுக்காரர் 1 இலட்சத்து 20 ஆயிரம் கொடுத்தால் போதும். 18 பங்குள்ள மேல்மாடி வீட்டுக்காரர் 3 இலட்சத்து 60 ஆயிரம் கொடுக்க வேண்டும். அதாவது சமமாகப் பிரித்தபோது சின்ன வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை 80,000 ரூபா கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். பெரிய வீட்டுக்காரர் 1 இலட்சத்து 60 ஆயிரத்தைச் சத்தமில்லாமல் மிச்சம் பிடித்திருக்கிறார். அவர் சபையிலும் இருந்துவிட்டால் இந்தக் கணக்கை யார் திருத்துவது? உங்கள் உறுதியை எடுத்து உங்கள் பங்கு எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள். பத்து வருடம் குடியிருந்தும் அதைப் பார்க்காதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

கீழ்மாடிக் கடைக்காரர் விவகாரம் வேறு. "எனக்கு லிஃப்ட் தேவையில்லை, மொட்டை மாடி தேவையில்லை, என் கடைக்கு ஷட்டர் மட்டும்தான்" என்பது அவர் வாதம். லிஃப்டின் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசினால் அவர் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கலாம், கூட்டத்தில் பேசித் தீர்க்கலாம். வெளிச்சுவர் அப்படியல்ல. மேலே ஐந்தாம் மாடியில் சீமெந்துத் துண்டு கழன்றால் அது வந்து விழுவது அவருடைய வாடிக்கையாளரின் தலையில்.

இனி, பெயின்ட் என்பது அழகுக்கு என்ற எண்ணம். வெள்ளவத்தையில் கடலுக்கும் கட்டடத்துக்கும் இடையே இருப்பது ரயில் பாதையும் மரைன் டிரைவும் மட்டும்தான். உப்புக் காற்று வருடம் முழுக்க அடிக்கிறது. சுவரில் மயிர் போன்ற வெடிப்பு விழுந்தால் உப்பும் ஈரமும் உள்ளே போகும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருக்கும்; பெருத்தால் மேலே இருக்கும் கொங்கிரீட்டை உடைத்துத் தள்ளும். அப்போது அது பெயின்ட் செலவாக இருக்காது, தூணைத் திருத்தும் செலவாகிவிடும். நல்ல வெளிப்புறப் பெயின்ட் சுவருக்கு ஒரு மழைக்கோட். மாளிகாவத்தை, சொய்சாபுர போன்ற பழைய அரசாங்கத் தொடர்மாடிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

அமெரிக்காவில் மயாமிக்குப் பக்கத்திலுள்ள சர்ஃப்சைட் என்ற கடற்கரை ஊரில் நடந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். 1981இல் கட்டிய 12 மாடிக் கட்டடம், 136 வீடுகள். 2018இல் ஒரு பொறியியலாளர் பரிசோதித்து, நீச்சல் தடாகத் தளத்தில் நீர்க்காப்பு கெட்டுவிட்டது, கொங்கிரீட்டில் வெடிப்புகள் இருக்கின்றன, திருத்தாவிட்டால் கேடு பெருகும் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பின் நடந்தது நமது கூட்டங்களில் நடப்பதுதான். செலவு அதிகம் என்றார்கள். வேறு கொட்டேஷன் எடு என்றார்கள். 2019இல் சபையிலிருந்த ஏழு பேரில் ஐந்து பேர் விலகிப் போனார்கள். செலவு மதிப்பீடு ஏறி 15 மில்லியன் டொலரானது. ஒருவழியாக 2021 ஏப்ரலில் அறவிடத் தீர்மானித்தார்கள். வீட்டுக்கு 80 ஆயிரம் டொலரிலிருந்து 3 இலட்சம் டொலருக்கு மேல் வரை. முதல் தவணை ஜூலை மாதம். ஜூன் 24ஆந் திகதி அதிகாலை, எல்லோரும் தூங்கும் நேரத்தில் கட்டடத்தின் பாதி இடிந்து விழுந்தது. 98 பேர் மரணித்தார்கள். தடாகத் தளம் ஆரம்பத்திலேயே தேவையான பலத்துடன் வடிவமைக்கப்படவில்லை என்பதையும் அரசாங்கப் புலன்விசாரணையாளர்கள் பின்னர் கண்டார்கள். ஆகவே சண்டை பிடித்தவர்களின் மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை. ஆனால் அந்த மூன்று வருடங்கள் அவர்களுக்குக் கையில் இருந்தன. அடுத்த வருடமே ஃபுளோரிடா மாநிலம் சட்டம் கொண்டுவந்தது: மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய தொடர்மாடிகளைப் பொறியியலாளர் பரிசோதிக்க வேண்டும், திருத்தவேலைக்கான நிதியைச் சேர்க்காமல் தட்டிக்கழிக்க முடியாது.

நிதி சேர்ப்பதில் நம்மைவிட மற்றவர்கள் முன்னால் நிற்கிறார்கள். மும்பாயில் கூட்டுறவு வீடமைப்புச் சங்கங்களுக்கான மாதிரி விதிகளில், திருத்தவேலை நிதிக்கு வருடத்துக்குக் கட்டுமானச் செலவில் 0.75 வீதமும், பெரிய வேலைகளுக்கான ஒதுக்க நிதிக்கு 0.25 வீதமும் சேர்க்க வேண்டுமென்று இருக்கிறது. சிங்கப்பூரின் அரச வீடமைப்புத் தொடர்மாடிகளில் சில வருடங்களுக்கு ஒருமுறை பெயின்ட் அடிப்பது வழக்கமான வேலை. இரண்டு மூன்று நிறத் திட்டங்களை வரைந்து கீழே வைத்துவிடுவார்கள். குடியிருப்போர் வாக்களித்துத் தெரிவுசெய்வார்கள். நிறத்துக்காகப் பிடிக்கும் சண்டை அத்தோடு முடிந்தது.

மேலே சொன்ன 48 இலட்சத்தை ஆறு வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள். சின்ன வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 1,670 ரூபா, பெரிய வீட்டுக்கு 5,000 ரூபா. கடையில் சீட்டுப் பிடிப்பதுபோல ஒரு தொகை, யாருக்கும் வலிக்காது. ஆனால் ஒரு விசயம். 2022இல் டொலர் இரண்டே மாதத்தில் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது, நான் விற்ற பெயின்ட் வாளியின் விலை வாரத்துக்கு ஒன்றாக இருந்தது. பிறகு வற் வரியும் ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமானது. அதற்கு முன்னர் நிதி சேர்த்த கட்டடங்கள் பாதி வேலைக்கும் பணம் போதாமல் நின்றன. ஆகவே மாதத் தொகையை வருடாவருடம் பொதுக்கூட்டத்தில் திருத்தியே ஆகவேண்டும். "பத்து வருடமாக நாங்கள் பராமரிப்புக் கட்டணத்தைக் கூட்டவே இல்லை" என்று பெருமைப்படும் பொருளாளரைக் கண்டால் எனக்குப் பயம் வருகிறது.

நமது ஆட்களுக்கு இன்னொரு மனக்கஷ்டம். நிலுவைக்கு வட்டி போடும் சபைகள் இருக்கின்றன, நிதியை நிலையான வைப்பில் போட்டு வட்டி எடுக்கும் சபைகளும் இருக்கின்றன. கலந்து வாழும் கட்டடத்தில் எல்லோரையும் நமது முறைக்கு இழுக்க முடியாது. ஆனால் கூட்டத்துக்குப் போனால்தானே பேசலாம்? நேரத்துக்குக் கட்டுபவருக்குக் கழிவு, நிலுவைக்காரருக்குக் கழிவு இல்லை என்று வைக்கலாமே என்று ஒரு கட்டடத்தில் ஒருவர் சொல்ல, மற்ற மதத்து அயலவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். ஜும்ஆ நேரத்தில் கூட்டம் வைத்தார்கள் என்பதற்காக ஒரேயடியாகப் போகாமல் இருப்பவர்கள், நேரத்தை மாற்றும்படி ஒரு கடிதம் எழுதினாலே போதும்.

சபையில் இருப்பவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. பணம் தர மறுப்பவர்களில் பாதிப் பேர் கஞ்சர்கள் அல்ல, நம்பிக்கை இல்லாதவர்கள். தலைவரின் மச்சானுக்குக் கொந்தராத்து, ஒற்றைக் கொட்டேஷன், பற்றுச்சீட்டு இல்லை என்றால் யார்தான் தருவார்? பொதுப் பணம் அமானிதம். குறைந்தது மூன்று கொட்டேஷன் எடுத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். மொத்தமாக ஒரு தொகை என்று வாங்காதீர்கள். சதுர அடிக் கணக்கில், வேலையைப் பிரித்து வாங்குங்கள். பழைய பெயின்டைச் சுரண்டுவது, தண்ணீர் அடித்துக் கழுவுவது, பூஞ்சணத்துக்கு மருந்து, வெடிப்பு நிரப்புவது, பிரைமர், இரண்டு கோட். மலிவான கொட்டேஷனில் முதல் நான்கும் இருக்காது. அடித்து இரண்டு மழைக்குள் தோல் உரியும். பெயின்டைச் சபையே வாங்கி, கூலியை மட்டும் கொந்தராத்தாகக் கொடுப்பது என் அனுபவத்தில் நல்லது. சீல் உடைக்காத வாளி உள்ளே வருவதையும் வெற்று வாளி வெளியே போவதையும் காவலாளி எண்ணி எழுதட்டும். பாஸ்மார் எவ்வளவு தண்ணீர் கலக்கிறார்கள் என்பதை வாளிக் கணக்கே காட்டிக் கொடுத்துவிடும். பலஞ்சி கட்டும் செலவு பெரிது என்பதால், அது நிற்கும்போதே குழாய் ஒழுக்கு, ஏசி தாங்கி, ஜன்னல் ஓரம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள்தான் பெரிய தலைவலி. வீடு வெள்ளவத்தையில், ஆள் டொரொண்டோவில், வாடகைக்கு இருப்பவர் "எனக்குத் தெரியாது" என்பார். உறுப்பினர் சொந்தக்காரர்தான், வாடகைக்காரர் அல்ல. அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வையுங்கள். வாடகைக்குக் கொடுக்கும் நம்மவர்கள் மாதப் பராமரிப்பு யாருக்கு, பெரிய திருத்தவேலை யாருக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எதற்கும் மசியாத நிலுவைக்காரருக்கு எதிராக நீதிமன்றம் போகலாம். அதற்கு முன்னர் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிடம் முறையிடலாம். 1973இல் பொது வசதிகள் சபையாகத் தொடங்கி 2003 திருத்தத்தோடு இந்தப் பெயரைப் பெற்றது அதுதான். சபை கணக்குக் காட்ட மறுத்தால் சொந்தக்காரரும் அங்கேயே முறையிடலாம். வீடு வாங்கப் போகிறவர்கள், நிலுவை இல்லை என்ற கடிதத்தையும் கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கையையும் கேட்டு வாங்கிய பின்னரே முற்பணம் கொடுங்கள்.

கொழும்பில் வெளிச்சுவர் வேலைக்கு நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மே மாதத்தோடு தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் மாலை மழை. ஈரச் சுவரில் எந்தப் பெயின்டும் நிற்காது. 2026லும் 2027லும் நோன்பு பெப்ரவரியில் ஆரம்பிக்கிறது. நோன்போடு வெயிலில் பலஞ்சியில் நிற்கும் பாஸ்மாரிடம் வேகம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே கூட்டத்தை ஓகஸ்டில் வைத்து, கொட்டேஷன்களைச் செப்டெம்பரில் எடுத்து, பணத்தை டிசம்பருக்குள் சேர்த்து, ஜனவரி முதல் கிழமையில் பலஞ்சி கட்டுங்கள். பெயின்டை எந்தக் கடையில் வாங்குவது என்பதை உங்கள் பொதுக்கூட்டம் தீர்மானிக்கட்டும்.