மயில் அல்லாத கானமயில்

பாலைவனத்தைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர்களிடமிருந்து பெரும்பாலும் மணல், வெயில், ஒட்டகம், இவ்வளவுதான் வரும். “உயிரற்ற நிலம்” என்று முடித்துவிடுவார்கள். ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்கு இது பொருந்தாது. அங்கே மணல்மேடுகளுக்கு இடையே பரந்த புல்வெளிகள் உண்டு. சிங்காரா மான், பாலைவன நரி, முள்வால் பல்லி எல்லாம் அங்கே வாழ்கின்றன. கானமயிலும் அங்கேதான் இருக்கிறது.

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீங்க. மூதுரையில் வான்கோழி பார்த்து ஆட நினைக்கிறதே, அது காட்டு மயில். இது வேறு பறவை, மயில் இனமே இல்லை. பார்த்தால் சிறிய நெருப்புக்கோழி மாதிரி இருக்கும். நீண்ட கழுத்து, நீண்ட கால்கள், சுமார் 1 மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். ஆனால் பறக்கும்! வெட்டுக்கிளி, வண்டு, பல்லி, இலந்தைப் பழம் என்று கிடைத்ததைத் தின்னும். கூடு கட்டாது. வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். அதை நாயோ நரியோ தின்றுவிட்டால் அந்த முறை குஞ்சு இல்லை.

1963-இல் மயில் இந்தியாவின் தேசியப் பறவை ஆனது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி ஆதரித்தது கானமயிலைத்தான். இன்று 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

ஏன் இப்படி? முன்பு வேட்டை. பிறகு, புல்வெளியை “தரிசு” என்று எழுதி வைத்ததால் அது வயலாகவும் கட்டடமாகவும் மாறியது. இப்போது பெரிய ஆபத்து மின்கம்பி. இந்தப் பறவையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும், நேர் எதிரே அவ்வளவாகத் தெரியாது. கம்பி கண்ணில் படும்போது மிக அருகில் வந்துவிட்டிருக்கும். கனத்த உடம்பை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்ப முடியுமா?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெய்சால்மர் வட்டாரத்தில் அந்தக் கம்பிகளில் பல சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் கொண்டுசெல்பவை. பூமியைக் காக்க வந்த மின்சாரம்! 2021-இல் இந்திய உச்ச நீதிமன்றம் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க உத்தரவிட்டது. செலவும் தொழில்நுட்பச் சிரமமும் அதிகம் என்று அரசு முறையிட்டதால் 2024-இல் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவை அமைத்தது. அதே ஆண்டில், ஜெய்சால்மர் மாவட்டத்து இனப்பெருக்க மையத்தில் செயற்கைக் கருவூட்டல் மூலம் ஒரு குஞ்சு பொரிந்தது.

மேல்வகுப்பு விவாதத்துக்கு இதையே தலைப்பாகக் கொடுக்கலாம்: தூய மின்சாரமா, அருகிவரும் பறவையா? “இரண்டும் வேண்டும்” என்று எழுதும் மாணவரிடம், கம்பியைப் புதைக்கும் செலவை யார் ஏற்பது என்று கேளுங்கள். அங்கேதான் கட்டுரை சூடு பிடிக்கும்.