குண்டுத் தக்காளியும் அதன் ஆரஞ்சு நிறமும்

அமெரிக்காவில் கோடை வந்தால் வீட்டுக்கு வீடு தக்காளி சாண்ட்விச் தயாராகும். ரொட்டி, மயோனைஸ், உப்பு, ஒரு துண்டு தக்காளி, அவ்வளவுதான். ஒரே துண்டு. ஆனால் அது ரொட்டியை முழுக்க மூடி, ஓரத்தில் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். அப்படியொரு துண்டைத் தரக்கூடிய பெருத்த தக்காளிகளை அங்கே ‘பீஃப்ஸ்டேக்’ என்கிறார்கள். மாட்டிறைச்சித் துண்டைப்போல் அகன்று, கெட்டியாக இருப்பதால் அந்தப் பெயர். சைவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

நாம் ரசத்துக்குப் பிழியும் நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும்தான் முக்கியம். லாரியில் கூடை கூடையாகப் பயணம் செய்யும் பெங்களூர் தக்காளிக்குத் தடித்த தோல்தான் பலம். பீஃப்ஸ்டேக் இந்த இரண்டு வேலைக்கும் லாயக்கில்லை. பச்சையாக வெட்டித் தின்னவே அது பிறந்திருக்கிறது. தோல் மெல்லியது, எடை அதிகம், உருவம் கோணல்மாணல். இரண்டு நாள் லாரிப் பயணத்தில் பாதி நசுங்கிப்போகும். ஆகவே அதன் உண்மையான இருப்பிடம் வீட்டுத் தோட்டம். அந்தத் தோட்டக்காரர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட ‘செஃப்ஸ் சாய்ஸ் ஆரஞ்ச்’ என்ற வீரிய ஒட்டு ரகம் 2014இல் ‘ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்’ பரிசைப் பெற்றது. பழம் ஒன்று 250 முதல் 350 கிராம் வரை. நிறமோ உள்ளும் புறமும் பளீரென்ற ஆரஞ்சு.

தக்காளி எப்படி இவ்வளவு பெருத்தது? அதன் காட்டு மூதாதை இன்றும் பெருவிலும் எக்வடாரிலும் வளர்கிறது. பழம் பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிது, எடை ஓரிரு கிராம். குறுக்கே வெட்டினால் விதைகள் மிதக்கும் அறைகள் இரண்டுதான் இருக்கும். பீஃப்ஸ்டேக்கை வெட்டினால் அறைகளை எண்ணுவதற்குள் பொறுமை போய்விடும். சிறிய சிறிய அறைகள், அவற்றுக்கிடையே தடித்த சதைச் சுவர்கள். அறைகள் கூடக்கூடப் பழம் பருக்கிறது, மேலே வரிவரியாக மடிப்பு விழுகிறது.

எத்தனை அறைகள் என்பது பழத்தில் முடிவாவதில்லை. மொட்டு உருவாகும் முன்பே, தண்டு நுனியில் முடிவாகிவிடுகிறது. அங்கே உள்ள செல்களைப் பெருக்குவதற்கு ஒரு மரபணுவும், போதும் என்று அடக்குவதற்கு இன்னொரு மரபணுவும் இருக்கின்றன. அடக்கும் மரபணுவின் பெயர் கிளாவேட்டா-3. பல பீஃப்ஸ்டேக் ரகங்களில் குரோமோசோமின் ஒரு நீண்ட துண்டு தலைகீழாகத் திரும்பிக் கிடப்பதால் இந்த மரபணு சரியாக இயங்குவதில்லை. அடக்குவாரில்லாத நுனி அகன்றுவிடுகிறது. பூ பெரிதாகிறது, சூலறைகள் கூடுகின்றன. பூவைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். சாதாரணத் தக்காளிப் பூவில் ஐந்தாறு இதழ்கள் என்றால், இந்தச் செடிகளில் நாலைந்து பூக்கள் ஒட்டிக்கொண்டதுபோல் ஒரு கொத்து விரியும். பழத்தின் எடையைக் கட்டுப்படுத்தும் வேறொரு மரபணுவை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டேங்ஸ்லியின் குழு 2000இல் அடையாளம் கண்டது. அதுவும் செல் பிரிவதை அடக்கும் வகைதான். பெரிய பழ ரகங்களில் அதன் பிடி தளர்ந்திருக்கிறது.

ஆக, பருமன் என்பது புதிதாகச் சேர்ந்த திறமை அல்ல, கட்டுப்பாடு கெட்டதால் வந்தது. காட்டில் இப்படியொரு செடி முளைத்திருந்தால் தன் பழத்தின் கனம் தாங்காமல் தரையில் விழுந்து அழுகியிருக்கும். மனிதன் பார்த்தான், விதையை எடுத்து வைத்தான், முட்டுக்கொடுத்து வளர்த்தான்.

நிறத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். தக்காளியின் சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன் என்ற நிறமி. காய் பழுக்கும்போது செடி அதைப் படிப்படியாகத் தயாரிக்கிறது. நடுவில் ஒரு கட்டத்தில் அந்த மூலக்கூறு வளைந்து நெளிந்து இருக்கும். கடைசியில் ஒரு நொதி வந்து அதை நேராக்கும். நேரான லைக்கோபீன் சிவப்பு. அந்த நொதி வேலை செய்யாவிட்டால் மூலக்கூறு வளைந்தபடியே தங்கிவிடும், பழம் ஆரஞ்சாகிவிடும். ‘டேஞ்சரின்’ என்று தோட்டக்காரர்கள் வெகுகாலமாக அழைத்துவந்த இந்தக் குணத்துக்குப் பின்னால் இருப்பது இந்த நொதியின் கோளாறுதான் என்பதை ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஹிர்ஷ்பெர்க் குழு 2002இல் வெளியிட்டது.

ஆரஞ்சுக்கு இன்னொரு வழியும் உண்டு. லைக்கோபீனைப் பீட்டா கரோட்டினாக, அதாவது கேரட்டின் நிறமியாக மாற்றும் நொதி அளவுக்கு மீறி வேலை செய்தாலும் பழம் ஆரஞ்சாகும். காட்டுத் தக்காளி இனம் ஒன்றிலிருந்து இந்தக் குணத்தை எடுத்து, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1958இல் ‘கேரோ ரெட்’ என்ற ரகத்தை வெளியிட்டது. வைட்டமின் ஏ தரும் தக்காளி என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் சந்தைக்கு அது எடுபடவில்லை. சிவப்பில்லாத தக்காளியை அன்றைய வாடிக்கையாளர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். இன்று உழவர் சந்தைகளில் அதே நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

வளைந்த லைக்கோபீனில் ஒரு லாபம் இருக்கிறது. நேரான மூலக்கூறுகள் பழத்துக்குள் படிகங்களாக இறுகிவிடுவதால் குடலால் அவற்றை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. வளைந்தவை அப்படி இறுகுவதில்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டேஞ்சரின் வகைத் தக்காளிச் சாற்றையும் சிவப்புத் தக்காளிச் சாற்றையும் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆரஞ்சுத் தக்காளிச் சாற்றிலிருந்து, சிவப்பைப்போல் சுமார் எட்டரை மடங்கு லைக்கோபீன் உடம்பில் சேர்ந்திருந்தது. 2015இல் வந்த முடிவு இது. சிறிய ஆய்வுதான், இதை வைத்து ஆரஞ்சுத் தக்காளியை மருந்துக்கடையில் விற்கக் கிளம்பிவிடக் கூடாது.

ஆரஞ்சுக் குண்டுத் தக்காளிகள் நேற்று முளைத்தவை அல்ல. ‘கெல்லாக்ஸ் பிரேக்ஃபாஸ்ட்’ என்றொரு பெயர்பெற்ற பாரம்பரிய ரகம் இருக்கிறது. கார்ன்ஃப்ளேக்ஸ் விற்கும் கம்பெனிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மிச்சிகன் மாநிலத்து ரயில்வே ஊழியர் ஒருவரின் குடும்பப் பெயர் அது. இன்னொன்று ‘அமானா ஆரஞ்ச்’. அயோவா மாநிலத்தில் ஜெர்மானியச் சமயக் குழுவினர் 1855 முதல் குடியேறிப் பொதுவுடைமையாக வாழ்ந்த அமானா கிராமங்களின் பெயரைத் தாங்கியது. ஒரு கிலோவை நெருங்கும் பழமும் அதில் காய்க்கும். இந்த அமானா ஆரஞ்சிலிருந்து வந்ததுதான் செஃப்ஸ் சாய்ஸ்.

பாரம்பரிய ரகம் அவ்வளவு அருமையானது என்றால் புதிதாக ஒன்று எதற்கு? அமானாவை வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்வார்கள். காய் பழுக்க நாளாகும், செடிக்குச் செடி விளைச்சல் மாறும், நோய் வந்தால் தாக்குப்பிடிக்காது. நூறு செடி வைத்திருப்பவருக்குப் பத்து போனால் கவலையில்லை. கொல்லைப்புறத்தில் மூன்றே செடி வைத்திருப்பவருக்கு ஒன்று போனாலே கோடை போச்சு.

இங்கேதான் ஒட்டுச் சேர்ப்பவரின் கெட்டிக்காரத்தனம் வருகிறது. செஃப்ஸ் சாய்ஸின் விற்பனைக் குறிப்பில் புகையிலைத் தேமல் வைரஸைத் தாங்கும் திறனும் இடம்பெறுகிறது. தக்காளியில் இதற்குப் பரவலாகப் பயன்படும் எதிர்ப்பு மரபணு காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. அது ஓங்கு குணம், பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்குக் கிடைத்துவிடும். டேஞ்சரின் நிறமோ ஒடுங்கு குணம். பெற்றோர் இருவரும் கொடுத்தால்தான் பிள்ளை ஆரஞ்சாகும். எனவே டேஞ்சரின் வழியில் ஆரஞ்சு ஒட்டு ரகம் செய்ய நினைப்பவர் முதலில் ஆரஞ்சு நிறத்திலேயே இரண்டு தனித்தனிப் பெற்றோரைத் தேடி நிலைப்படுத்த வேண்டும். சிவப்பையும் ஆரஞ்சையும் சேர்த்தால் சிவப்புதான் கிடைக்கும்.

பிறகு கைவேலை. தக்காளிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் உள்ளது. அதைத் தடுக்க, மொட்டு விரிவதற்கு முன்பே இடுக்கியால் மகரந்தக் கூம்பை உரித்தெடுக்க வேண்டும். அடுத்து, தந்தைச் செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் இதேதான். கர்நாடகத்தின் ராணிபென்னூர் வட்டாரத்தில் காய்கறி ஒட்டு விதைகளுக்காகக் குனிந்து நின்று இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒட்டு விதைப் பொட்டலத்தின் விலை எரிச்சலூட்டும்போது இந்தக் கைகளை நினைத்துக்கொள்ளலாம்.

பரிசு தரும் அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1932இல் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு அது. நாட்டின் பல பகுதிகளில் உள்ள சோதனைத் தோட்டங்களில் புதிய ரகத்தையும், அதற்கு நெருக்கமான பழைய ரகத்தையும் அருகருகே நட்டு, நடுவர்கள் ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். ஏற்கெனவே இருப்பதைவிட மேலானது என்று தோன்றினால்தான் பரிசு. விதை நிறுவனங்களின் வண்ணப் படங்களைவிட இந்த முறை நம்பத்தக்கது. செஃப்ஸ் சாய்ஸ் ஆரஞ்ச் வென்ற பிறகு அதே பெயரில் இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று ஒரு குடும்பமே வந்துவிட்டது.

செஃப்ஸ் சாய்ஸ் ஆரஞ்சில், நாற்று நட்டு ஏறத்தாழ 75 நாளில் பழம் வரும். பெரிய தக்காளிகளில் இது சீக்கிரம்தான். செடி ஒன்றரை மீட்டர் உயரம் போகும், குளிர் வந்து நிறுத்தும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். உறுதியான குச்சி அல்லது கம்பிக் கூண்டு இல்லாமல் இதை நடவே கூடாது. தண்ணீர் விஷயத்தில் ஒழுங்கு வேண்டும். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். சுண்ணாம்புச் சத்து சரியாகப் போய்ச் சேராமல் அடிப்பக்கம் கறுத்து அழுகும். வெயிலும் ஒரு எல்லைவரைதான். பகலில் 32 டிகிரிக்கு மேலும், இரவில் 24 டிகிரிக்கு மேலும் வெப்பம் நீடித்தால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். பெரிய பழ ரகங்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். சென்னை மொட்டை மாடியில் சித்திரையில் இதை முயல்வது வீண். ஐப்பசிக்குப் பிறகு நட்டால் வாய்ப்பு உண்டு.

ஆரஞ்சுத் தக்காளியில் அமிலம் குறைவு என்று பரவலாக நம்புகிறார்கள். நாக்கு அப்படித்தான் சொல்லும். ஆனால் பல ரகங்களில் அமிலம் சிவப்புக்குச் சமமாகவே இருக்கிறது. இனிப்பும் மணமும் புளிப்பை மறைத்துவிடுகின்றன. புட்டியில் அடைத்து வைப்பவர்களுக்கு இது முக்கியம். எந்த நிறமானாலும் ஒரு குவார்ட் புட்டித் தக்காளிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறது அமெரிக்க வேளாண் துறை.

ஒட்டு ரகத்தில் ஒரு குறை உண்டு. பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த ஆண்டு போட்டால் அதே செடி வராது. பெற்றோரின் குணங்கள் பிரிந்து, செடிக்கு ஒரு மாதிரியாக நிற்கும். இதில் கடுப்பானவர்களுக்கு வேறொரு பாதை இருக்கிறது. அமெரிக்காவின் கிரெய்க் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பேட்ரினா நஸ்க் ஸ்மாலும் தொடங்கிய ‘குட்டைத் தக்காளித் திட்டம்’ அது. குட்டையாக வளரும் செடிகளோடு பெரிய பழப் பாரம்பரிய ரகங்களைச் சேர்த்து, உலகெங்கும் உள்ள தன்னார்வத் தோட்டக்காரர்களுக்கு விதை அனுப்பினார்கள். இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒன்று குட்டையாக நிற்கும். அதில் நல்லதைப் பொறுக்கி, மறுபடி விதைத்து, எட்டுப் பத்துத் தலைமுறைவரை நிலைப்படுத்தினார்கள். தெற்கே குளிர்காலம் என்றால் வடக்கே கோடை. இரு அரைக்கோளங்களிலும் ஆள் இருந்ததால் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை நகர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் வந்துவிட்டன, சிவப்பு, ஊதா, பச்சை, ஆரஞ்சு எல்லாம் அதில் உண்டு. தொட்டியில் மூன்று நாலு அடிக்குள் நின்று பெரிய பழம் தரும் இந்தச் செடிகளின் விதையை எடுத்து வைக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.