42 வெறும் நம்பர்தான் பாஸ்!

அமெரிக்காவில் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவரின் கேஸ் ஷீட், நோய்க்கு கோடு போட சென்னை மெடிக்கல் கோடரிடம் வருது. டயட்டீஷியன் 'பி.எம்.ஐ. 42' என்று குறிச்சிருக்கார். உடனே இசட்68.41 போட்டுடலாமா? ம்ஹூம்! 'உடல் பருமன்' என்று டாக்டரே எழுதியிருக்கணும். எழுதலைன்னா கோடர் அவரிடம் கேட்கலாம். ஆனா பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

மூன்றாம் நிலை பருமனுக்கென்றே 2024 அக்டோபர் 1 முதல் ஈ66.813 வந்தாச்சு. அதுக்கும் 42ஐ வச்சு நாமளே நிலையை முடிவு பண்ணக் கூடாது. (இன்ஜினீயரிங் புத்திக்கு இது கஷ்டம்தான்!)

அங்கே முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸ் மெடிகேர் இன்னும் கறார். பி.எம்.ஐ. குறைந்தது 35, கூடவே சர்க்கரை மாதிரி தொடர்புள்ள ஒரு நோய், ஏற்கெனவே சிகிச்சை எடுத்தும் பலனில்லை... மூணும் ரெக்கார்டில் இருக்கணும். ஒண்ணு விட்டுப்போனாலும் க்ளெய்ம் திரும்பலாம். அப்புறம் பில்லை யார் கட்டுறதுன்னு பஞ்சாயத்துதான்!