நீதிமன்ற ஊழியர்கள் யார்? நம் பிள்ளைகள் ஏன் அங்கே இல்லை?

கோர்ட் என்றதும் நம் நினைவுக்கு வருவது நீதிபதியும் வக்கீலும்தான். கல்மண்டபத்தில் வாடகைக்கு இருக்கும் ஒருவர் மீது வீட்டுக்காரர் வழக்குப் போட்டால், அவர் முதலில் சந்திப்பது இந்த இருவரையும் அல்ல. வாசலில் சம்மனோடு வந்து நிற்கும் கோர்ட் ஊழியரைத்தான்.

இந்த ஊழியர்கள் யார்? என்ன படித்தவர்கள்? எப்படி வேலைக்கு வருகிறார்கள்? இதை நம் சமுதாயம் தெரிந்துகொள்வது அவசியம்.

நியமன வழிகள்

உயர் நீதிமன்ற ஊழியர்களை நியமிக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 229வது பிரிவு தலைமை நீதிபதிக்குத் தருகிறது. கீழமை நீதிமன்றங்கள் மீதான கட்டுப்பாடு 235வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்திடம் உள்ளது. நிர்வாகத்தின் உச்சியில் இருக்கும் தலைமைப் பதிவாளர், மாவட்ட நீதிபதி நிலையிலிருந்து வருபவர்.

மாவட்ட நீதிமன்றங்களின் இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்றவர்கள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு வழியாக வருகிறார்கள். குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு. பதவி உயர்வு பெற்று சிரஸ்தார் வரை போகலாம்.

நகல் பரிசோதகர், கட்டளைப் பணியாளர், அலுவலக உதவியாளர், காவலர் போன்ற பணிகளுக்கு உயர் நீதிமன்றமே ஆள் எடுக்கிறது. 2021ல் 3,557 இடங்களுக்கும், 2024 ஏப்ரலில் 2,329 இடங்களுக்கும் அறிவிப்பு வந்தது. பணியைப் பொறுத்து, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பதிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தகுதி கேட்கப்படுகிறது.

பட்டதாரிகளின் போட்டி

தகுதி எட்டாம் வகுப்பு என்றாலும் வரிசையில் நிற்பவர்கள் பட்டதாரிகள். 2019ல் கோவை மாநகராட்சியில் 549 துப்புரவுப் பணியிடங்களுக்குப் பொறியாளர்கள், பட்டதாரிகள், டிப்ளமோ படித்தவர்கள் என ஏழாயிரம் பேர் விண்ணப்பித்தது நாடறிந்த செய்தி. அரசு வேலை எதுவானாலும் இதே நிலைதான்.

இதில் ஓர் எச்சரிக்கை. பஞ்சாப் நேஷனல் வங்கியில் பியூன் வேலைக்குப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஒருவர் தன் பட்டத்தை மறைத்து விண்ணப்பித்தார். அந்த நியமனம் செல்லாது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா வேலைக்கும் இப்படித் தடை இருப்பதில்லை. அறிவிக்கையைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே இருந்தாலும், பொய்யான விவரம் கொடுத்துப் பெறும் வேலையில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

சிறிய வேலை, பெரிய விளைவு

சம்மன் கொண்டு வருபவர் வீட்டில் ஆள் இல்லாததைச் சரியாக விசாரிக்காமல், வாங்க மறுத்துவிட்டார் என்று எழுதிவிட்டால் என்னவாகும்? வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகித் தீர்ப்பு வந்துவிடும். அடுத்து அமீனா ஜப்திக்கு வந்து நிற்பார். முறையாகச் சம்மன் வரவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்யக் கோரி மனுப் போடலாம். இது தெரியாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும் ஏழைகள் உண்டு.

நகல் பிரிவும் அப்படித்தான். தீர்ப்பின் சான்றிட்ட நகல் இருந்தால்தான் அப்பீல் போக முடியும். நகல் பெற ஆகும் நாட்களைக் காலக்கெடுவில் கழித்துக் கொள்ள 1963ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் இடம் தருகிறது. விண்ணப்பித்த தேதியும் நகல் தயாரான தேதியும் சரியாகப் பதிவானால்தான் அந்தக் கணக்கு நிற்கும். ஆகவே பத்தாம் வகுப்பு படித்த ஓர் ஊழியரின் கவனத்தில் ஒருவரின் சொத்தே தங்கியிருக்கிறது.

நமக்குப் பழக்கமான சொற்கள்

கோர்ட்டில் புழங்கும் சொற்களைப் பாருங்கள். முன்சீப் என்றால் அரபியில் நீதி செய்பவர். வக்கீல், ஆஜர், அசல், நகல், ஜப்தி, ரத்து எல்லாம் அரபி மூலமுள்ளவை. அமீனா என்ற சொல்லின் வேர் அமீன், அதாவது நம்பிக்கைக்குரியவர். வருத்தம் என்னவென்றால், மாமூல் என்ற சொல்லும் அரபியிலிருந்து வந்ததுதான்!

கம்பெனி ஆட்சியில் காஜிகளும் முஃப்திகளும் நீதிமன்றங்களில் சட்ட அலுவலர்களாகச் சம்பளத்தில் இருந்தார்கள். 1864ம் ஆண்டுச் சட்டம் அந்தப் பதவிகளை ஒழித்தது. அந்தக் கதவு மூடியது. தேர்வு எழுதி நுழையும் கதவு இன்று திறந்திருக்கிறது.

மார்க்கம் சொல்லும் தகுதி

அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம், கடனை எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்றும், எழுதுபவருக்கோ சாட்சிக்கோ தீங்கு செய்யக் கூடாது என்றும் கட்டளையிடுகிறது. மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைக்கச் சொன்ன பெண் குறிப்பிட்ட தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகத்தன்மை (28:26). தேர்வு முதலாவதை ஓரளவு அளக்கும். இரண்டாவதை வீடும் ஜமாஅத்தும்தான் வளர்க்க வேண்டும்.

ஜகாத் வசூலிக்கப் போன ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டினார். பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) கண்டித்தார்கள். கோர்ட் வராந்தாவில் நீட்டப்படும் நூறு ரூபாய்க்கும் இதே கேள்விதான்; வாங்குபவரைப் போலவே கொடுப்பவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

உச்ச நீதிமன்றம் தன் ஊழியர் நியமனத்தில் எஸ்.சி., எஸ்.டி. இடஒதுக்கீட்டைக் கொண்டு வந்ததே 2025ல்தான். தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007லேயே வந்துவிட்டது. ஆனால் விண்ணப்பம் போடாதவருக்கு எந்த ஒதுக்கீடும் உதவாது.

மதரஸாவில் ஓதி, கலைக் கல்லூரியிலும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓதும் பிள்ளைகளைத் தனித்தேர்வராகவாவது பத்தாம் வகுப்பு எழுத வையுங்கள். உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழை நன்கு படிக்கட்டும். குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சாதிச் சான்றிதழை அறிவிப்பு வரும் முன்பே வாங்கி வையுங்கள். ஜும்ஆ முடிந்ததும் அறிவிப்பைப் படித்துக் காட்டுவதும், பள்ளிவாசல் மாடியில் மாலை வகுப்பு நடத்துவதும் ஜமாஅத்துகளால் முடியாத காரியமல்ல.

ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் கோர்ட் படியேறும் ஏழைக்கு, உள்ளே நேர்மையான ஓர் அமீன் இருந்தால் அதுவே பெரிய உதவி. அந்த அமீன்களை நம் வீடுகளிலிருந்து அல்லாஹ் உருவாக்குவானாக. ஆமீன்.