எம்டன்

சூழ்ச்சித் திறம் மிக்கவனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று கூறும் வழக்குத் தமிழ்நாட்டில் உண்டு. எம்டன் என்பது ஒரு ஜெர்மானிய நகரின் பெயர். 1909ஆம் ஆண்டு அந்நாட்டுக் கடற்படையிற் சேர்ந்த விரைவுப் போர்க்கப்பலொன்றுக்கு அப்பெயர் இடப்பெற்றது.

1914இல் முதல் உலகப்போர் மூண்டதும், அதன் தலைவர் முல்லர் வங்கக் கடலுக்குத் தனியே கப்பலைச் செலுத்தினார். மூன்று புகைபோக்கிகளையுடைய அதற்குப் பொய்யாக நான்காவது ஒன்றையும் அமைத்தார். கண்டோர் அதனை ஆங்கிலேயர் கப்பலென்றே மயங்கினர். வழக்குச் சொல்லுக்குப் பொருத்தமான வேடந்தான்!

செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, இராயபுரத்தை அடுத்த சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே எம்டன் வந்து நின்றது. போர்க்காலமாயினும் உயர்நீதிமன்றத்தின் உச்சியிலிருந்த கலங்கரை விளக்கம் அணைக்கப்படவில்லை. பகைவனுக்கும் அது வழி காட்டிற்று. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலங்கள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றில் சிலர் மாண்டனர். அரைமணி நேரத்துக்குள் எம்டன் இருளில் மறைந்தது. ஆங்கிலேயரின் கடல் வலிமையில் மக்கள் வைத்திருந்த நம்பிக்கையைக் குலைப்பதே முல்லரின் கருத்து. அது நிறைவேறிற்று, ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர்.

அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள், கோகோஸ் தீவுகளினருகே, சிட்னி என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனைத் தாக்கிச் சிதைத்தது. முல்லர் சிறைப்பட்டார். எம்டனின் குண்டு விழுந்ததைக் கூறும் நினைவுக்கல் உயர்நீதிமன்ற வளாக மதிலில் உள்ளது.