மலைத்தேனும் வாயுமண்டலக் கலப்படமும்

கச்சிராயபாளையத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கை எரிகிறது, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது, எங்கோ எரிமலையும் புகைகிறது. எல்லாம் ஒரே கரியமிலவாயுதானே? காற்றில் கலந்துவிட்ட பிறகு, இது மனிதன் சேர்த்தது, இது இயற்கை சேர்த்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?"

நியாயமான கேள்வி. மழை பொய்த்தாலும் பெய்து கெடுத்தாலும் 'பருவநிலை மாற்றம்' என்று ஒரே காரணத்தைச் சொல்லும் செய்தித் தலைப்புகளைப் படித்துச் சலித்தவர்களுக்கு, மனிதனின் பங்கு எவ்வளவு என்பதிலேயே சந்தேகம் பிறப்பது இயல்பு. ஆனால் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இருக்கிறது. அதைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நெல்வயலையும் கரும்புத் தோட்டத்தையும் பிரிக்கும் வரப்பின் மேல் நின்றாலே போதும்.

காற்றிலுள்ள கரியணுக்களில் நூற்றுக்கு ஒன்று போலச் சற்றுக் கனத்த வகை. அதன் எடை 13, மற்றவற்றின் எடை 12. நெல், மரவள்ளி, மலைமேலுள்ள கடுக்காய், புளி ஆகியவற்றின் இலைகளில் கரியமிலவாயுவைப் பற்றிப் பிடிக்கும் 'ரூபிஸ்கோ' என்னும் நொதி, இலேசான கரியைச் சற்று விரைந்து ஏற்று, கனத்ததில் ஒரு சிறு பங்கை இலைத்துளை வழியாக வெளியேற விட்டுவிடுகிறது. ஆகவே அந்தத் தாவரங்களின் உடலில் கனத்த கரி, காற்றிலிருப்பதைவிட ஆயிரத்துக்குச் சுமார் 20 பங்கு குறைவு. கரும்பின் விஷயம் வேறு. அதன் தோகையைக் குறுக்கே மெல்லிதாகச் சீவி உருப்பெருக்கியில் பார்த்தால், ஒவ்வொரு நரம்பையும் சுற்றிக் கரும்பச்சை நிறச் செல்கள் வளையமாக நிற்பது தெரியும். வெளிச் செல்களில் வேறொரு நொதி, கனம் இலேசு என்று அதிகம் பாராமல் கரியை வாங்கி அந்த வளையத்துக்குள் அனுப்ப, அங்கே அடைபட்ட ரூபிஸ்கோவுக்குத் தள்ளிவிட இடமில்லாமல், வந்ததையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதாகிறது. எனவே கரும்பில் குறைவது ஆயிரத்துக்கு ஐந்து பங்குக்குள்தான். ஒரே வெயிலில், ஒரே காற்றில், அடுத்தடுத்து வளரும் இரண்டு பயிர்கள் தத்தம் உடலில் இவ்வளவு தீர்க்கமான வித்தியாசத்தை எழுதி வைத்துக்கொள்வது எத்தனை ஆச்சரியம்!

இதைக் கொண்டுதான் ஆய்வுக்கூடத்தில் தேனின் சுத்தம் பரிசோதிக்கப்படுகிறது. கல்வராயன் மலைத்தேன் பெரும்பாலும் மரம், கொடி, புதர்களின் பூக்களிலிருந்து வருவதால் இலேசான கரி மிகுந்தது. அதில் கரும்புச் சர்க்கரைப் பாகைக் கலந்தால் கனத்த கரியின் விகிதம் உயர்ந்து கலப்படம் அம்பலமாகும். வாயுமண்டலத்தையும் ஒரு தேன்குடமாகப் பாவித்துச் சோதித்தால், இங்கே கலந்திருப்பது இலேசான சரக்கு என்பது விளங்குகிறது: துருவப் பனியில் அடைபட்ட பழங்காற்றில், சர்வதேச அளவுகோலுக்கு ஆயிரத்தில் சுமார் 6.5 பங்கு குறைவாயிருந்த கனத்த கரி, இன்று 8.5 பங்கு குறைவாகிவிட்டது. எரிமலை வாயுவும் கடல்நீரிலுள்ள கரியும் இவ்வளவு இலேசானவை அல்ல. ஆகவே அவை இரண்டும் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையாகின்றன.

ஆனால் தேனில் அரிசிப்பாகைக் கலந்தால் இந்தச் சோதனை ஏமாந்துபோகும். நெல்லும் இலேசான கரியை விரும்பும் பயிர்தானே! அதுபோலவே, பழந்தாவரங்களிலிருந்து உண்டான நிலக்கரியை எரித்தாலும் காட்டை எரித்தாலும் இலேசான கரிதான் வரும். எனவே இரண்டாம் சோதனை அவசியம். உயிருள்ளவற்றில் கதிரியக்கமுள்ள கரி-14 சிறிதளவு இருக்கும். 5,730 வருஷத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான வருஷங்கள் மண்ணுக்கடியில் கிடந்த நெய்வேலிக் கரியிலும் பெட்ரோலியத்திலும் அது அறவே இல்லை. அந்தப் பழங்கரி காற்றில் கலந்ததால், இருபதாம் நூற்றாண்டு மரங்களில் கரி-14 குறைந்திருப்பதை 1955இல் விஞ்ஞானி ஹான்ஸ் சூஸ் எடுத்துக்காட்டினார்.

வாசகரின் கேள்விக்கு இப்போது நேராகவே பதில் சொல்லலாம். ஆலையில் எரியும் சக்கை, போன வருஷம் காற்றிலிருந்து வாங்கிய கரியைத் திருப்பிக் கொடுக்கிறது. நெய்வேலிக் கரியோ, யுகாந்தரமாகச் சுழற்சியில் இல்லாததைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. பத்து இலட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420ஐத் தாண்டியிருக்கிறது. இந்த ஏற்றம் முழுவதும் மனிதனின் கைவேலை. எரிமலைகள் ஒரு வருஷத்தில் விடுவது, நாம் விடுவதில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சுற்றித்தான் நிற்கிறது.

அப்படியானால் வெப்பத்தில் நம் பங்கு எவ்வளவு? 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிடப் பூமி சுமார் 1.06 டிகிரி சூடேறியிருந்தது. மனிதனால் நேர்ந்தது 1.07 டிகிரி என்பதே சர்வதேச அறிஞர் குழு 2021இல் வெளியிட்ட சிறந்த மதிப்பீடு. பிழைக்கு இடம் விட்டால் 0.8 முதல் 1.3 வரை. ஏறக்குறைய முழுவதும் நம்முடையதே. சூரியன் காரணமாயிருந்தால் மேல்வளி அடுக்கும் சூடேற வேண்டும், அதுவோ குளிர்ந்துகொண்டிருக்கிறது.

இதிலிருந்து, ஒரு வருஷம் அதே வட்டாரத்துக் கோமுகி அணை நிரம்பாததற்கும் மனிதன் ஏற்றிய வெப்பமே காரணம் என்று தாவிவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழை எக்காலத்திலும் ஏறி இறங்குவது; மலைச்சரிவில் காடு அழிந்தால் ஓடை வற்றுவதற்கு உலக வெப்பத்தின் உதவி தேவையில்லை. அதேபோல, மலையில் கன்று நட்டு நிலக்கரிப் புகைக்கு ஈடுகட்டிவிட்டோம் என்று சொல்வதும் மிகையே. மரம் நிற்கும்வரைதான் கரியைச் சுமக்கும், தோண்டியெடுத்த கரியோ பல்லாயிரம் வருஷம் சுழற்சியில் நிலைக்கும்.

இனி விவாதிக்க வேண்டியவை நிரம்ப உண்டு: கரியமிலவாயு இரட்டித்தால் வெப்பம் இரண்டரை டிகிரி உயருமா, நான்கு டிகிரி உயருமா? நம் பருவமழை எப்படி மாறும்? அவற்றில் சந்தேகம் பயனுள்ளது, அவசியமும்கூட. ஆனால் அந்தச் சந்தேகங்களைக் காட்டி, சேர்த்தது யார் என்று தீர்ந்துபோன வழக்கை மறுபடியும் திறப்பது, நிலக்கரியைத் தோண்டிக்கொண்டே கால அவகாசம் கேட்பதற்குச் சமானம். அந்த அவகாசத்தின் செலவு, மானாவாரி நிலத்தில் மரவள்ளியும் சாமையும் பயிரிடுபவன் தலையில்தான் விடியும்.