வீட்டோடு ஊர்சுற்றுவோரின் பண்டிகைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை கொண்டாடப்படும் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றியறிதல் திருநாள், தமிழர்க்குப் பொங்கலும் தீபாவளியும் போல, வெளியூரில் பிழைப்பவர்களைப் பெற்றோர் வீட்டுக்கு வரவழைக்கும் நாளாகும். 1863-இல் ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட அறிவிப்பால் நாடு தழுவிய விழாவாகி, 1941-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் இன்றைய கிழமையைப் பெற்ற இத்திருநாளை ஒட்டி விமான நிலையங்களும் நெடுஞ்சாலைகளும் நிரம்பி வழிகின்றன. அந்த நெடுஞ்சாலைகளில் செல்வோரில் ஒரு சாரார் மட்டும் எந்த வீட்டையும் நோக்கிப் போவதில்லை; வீட்டைத் தம்முடனேயே ஓட்டிச் செல்கின்றனர்.

படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைத் தன்னுள் அடக்கிய இவ்வகை வாகனம் அங்கே ஆர்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிறுத்தப்படும் கேரவனைக் கண்டவர்களுக்கு அதன் அமைப்பு புதிதாக இராது. தன் எஞ்சினால் தானே ஓடும் மோட்டார்ஹோம் ஒரு வகை. காரின் பின்னாலோ பிக்கப் வண்டியின் பின்னாலோ மாட்டி இழுத்துச் செல்லப்படும் டிரெய்லர் மற்றொரு வகை. விடுமுறைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பவர்கள், குளிர்காலம் முழுவதையும் தெற்கே கழிக்க வரும் ஓய்வூதியர்கள், சொந்த வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் இதிலேயே குடியிருப்பவர்கள் என இதைப் பயன்படுத்துவோர் பலதரப்பட்டவர்கள். இந்த வழக்கம் புதியதும் அன்று: 1919-ஆம் ஆண்டிலேயே ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் டெ சோட்டோ பூங்காவில் கூடாரமடித்திருந்த பயணிகள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கி, உறுப்பினர் என்பதற்கு அடையாளமாகத் தம் கார்களின் முகப்பில் ஒரு தகர டப்பாவைப் பொருத்திக்கொண்டு, குளிர்காலந்தோறும் ஒன்றுகூடினர். படுக்கவும் சமைக்கவும் வசதியும் கழிவறையும் இருக்குமானால் இத்தகைய வாகனத்தை வீடாகவே ஏற்று, அதை ஈடாக வைத்துப் பெற்ற கடனின் வட்டிக்கும் வீட்டுக் கடனுக்குரிய வரிச்சலுகையை அளிக்க அமெரிக்க வருவாய்த்துறையின் விதிகள் இடந்தருகின்றன.

வரித்துறை வீடு என்று ஒப்புக்கொண்டாலும், பண்டிகைக்கு அது போதுமான வீடா என்பது வேறு கேள்வி. பாட்டியின் சாப்பாட்டு மேசை, அலமாரியில் ஆண்டுக்கொரு முறை வெளிவரும் பீங்கான் தட்டுகள், கூடத்து மூலையில் கிறிஸ்துமஸ் மரம் நிற்கும் வழக்கமான இடம் என்று அமெரிக்கக் குடும்ப மரபுகளில் பெரும்பகுதி ஒரு குறிப்பிட்ட கட்டடத்தோடு பிணைந்தே வளர்ந்தது. அந்தக் கட்டடத்தை விட்டுப் புறப்படும் குடும்பம், இதுவரை யோசியாமலே செய்துவந்த ஒவ்வொன்றையும் இடத்தோடும் எடையோடும் மின்சாரத்தோடும் ஒப்பிட்டு, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. ஆர்.வி. வாழ்க்கை மரபுகளைத் தேய்த்துவிடும் என்ற பொதுவான அச்சம் சரியன்று என்பதற்கு இந்தத் தேர்வே சான்று. தேர்ந்தெடுத்துப் பாதுகாக்கப்படும் வழக்கம், பழக்கத்தின் போக்கில் தொடரும் வழக்கத்தைவிட உறுதியாக நிற்கிறது.

இந்தத் தேர்வு எவ்வளவு நுணுக்கமானது என்பதை நன்றியறிதல் நாளின் வான்கோழியை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். முழுக் கோழியாக வாட்டி மேசையின் நடுவே வைப்பதே மரபு. உறைந்த நிலையில் விற்கப்படும் இப்பறவையைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துப் பக்குவமாக இளக்குவதற்கு நான்கைந்து பவுண்டு எடைக்கு ஒரு நாள் வீதம் பிடிக்கும் என்பதால், ஐந்தரைக் கிலோவை ஒட்டிய ஒரு கோழி, வீட்டுப் பெட்டியில் பாதியளவே உள்ள ஆர்.வி. குளிர்சாதனப் பெட்டியை ஏறத்தாழ மூன்று நாள் அடைத்துக்கொள்கிறது. பாலும் காய்கறியும் வெளியே ஐஸ் பெட்டிக்கு இடம்பெயர்கின்றன. அடுத்த இடையூறு அடுப்பு. புரொப்பேன் வாயுவால் எரியும் சிறிய ஓவனில் தீக்குழல் அடித்தட்டின் கீழே ஓடுவதால், தீக்கு நேர்மேலே உள்ள பகுதி கருகும்போது மற்றொரு பக்கம் வேகாமல் நிற்கும். இதைச் சமாளிக்க, ரொட்டி சுடும் தட்டைக்கல் ஒன்றைத் தட்டின்மேல் வைத்து வெப்பத்தைப் பரவச் செய்கிறார்கள். கோழியின் முதுகெலும்பை வெட்டியெடுத்துவிட்டுப் பறவையைத் தட்டையாக விரித்து வைக்கிறார்கள். உணவு வெப்பமானியைச் சதையின் தடித்த பகுதியில் செருகி, 74 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகே இறக்குகிறார்கள். முழுக் கோழியை மேசையில் வைக்கும் காட்சியைத் துறந்து நெஞ்சுப்பகுதியை மட்டும் வாட்டுகிற குடும்பங்களும் உண்டு. கோழியின் வடிவத்தில் விட்டுக்கொடுத்தாலும், அதனுடன் பரிமாறப்படும் பூரணத்தைத் தம் தாய் செய்த கைப்பக்குவத்திலிருந்து இம்மியும் மாற்ற மறுக்கிறார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

கைப்பக்குவத்தையும் இடம் சோதிக்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃப் நகரில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. காற்றழுத்தம் குறைவதால் கேக்கின் மாவில் உண்டாகும் வாயுக்குமிழ்கள் அளவுக்கு மீறி விரிந்து, கேக் பொங்கி எழுந்து பிறகு நடுவில் அமுங்குகிறது. மூன்று தலைமுறையாகப் பிசகாத ஒரு செய்முறை மலையூரில் தவறும்போது, சோடா மாவையும் சர்க்கரையையும் சற்றுக் குறைத்து, நீரைக் கூட்டி, அந்த மாற்றத்தைப் பழைய செய்முறைச் சீட்டின் ஓரத்திலேயே ஊர்ப்பெயருடன் குறித்துவைப்பது நல்ல வழக்கம். பயணமும் அவ்வாறே குடும்ப மரபின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

மின்சாரத்திலும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாகனங்களை நிறுத்திக் குடியிருப்பதற்கென்று மின் இணைப்பும் குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வாயிலும் அமைத்துத் தரும் முகாம் மைதானங்களில், நடுத்தர வாகனம் ஒன்றுக்கு 120 வோல்ட் அழுத்தத்தில் 30 ஆம்பியர் இணைப்பு கிடைக்கிறது. அதாவது ஒரே நேரத்தில் 3,600 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. அறையைச் சூடாக்கும் மின்கருவி 1,500 வாட் எடுத்துக்கொள்ளும்போது மைக்ரோவேவையும் காப்பி இயந்திரத்தையும் சேர்த்து ஓடவிட்டால், பண்டிகைச் சமையலின் நடுவே மின்னோட்டம் தானே துண்டித்துக்கொள்ளும். இணைப்பே இல்லாத பாலைவெளியில் தங்குவோர் மின்கலத்தையும் சூரியத் தகடுகளையும் மட்டுமே நம்பியிருப்பதால், பழைய இழைவிளக்குச் சரங்களை விட்டுவிட்டு எல்.இ.டி. சரங்களுக்கு மாறிவிட்டனர். பாத்திரம் கழுவிய நீர் சேரும் தொட்டி விருந்தன்று விரைவில் நிறைந்துவிடும் என்பதற்காகக் காகிதத் தட்டுகளில் உண்ணும் குடும்பம், பாட்டியின் பீங்கான் தட்டுகளில் ஒன்றை மட்டும் துணியில் சுற்றி எடுத்துவந்து, இனிப்பு வைப்பதற்கென்றே ஒதுக்குவதும் உண்டு.

கிறிஸ்துமஸ் மரத்துக்கு இடமில்லாத குறையைச் சுற்றியுள்ள நிலமே தீர்த்துவைக்கிறது. அமெரிக்க வனத்துறை பல தேசிய வனங்களில் சிறு கட்டணத்துக்கு அனுமதிச்சீட்டு தந்து, குறித்த இனத்து மரம் ஒன்றைக் குடும்பங்கள் தாமே வெட்டிக்கொள்ள விடுகிறது. நான்காம் வகுப்பில் படிக்கும் குழந்தைகளுக்கு நாடு முழுவதுக்குமான ஒரு திட்டத்தின்கீழ் இச்சீட்டு இலவசம். ஆயினும் காய்ந்த ஊசியிலை எளிதில் பற்றிக்கொள்வதால், வாயு அடுப்பு உள்ள குறுகிய வாகனத்துக்குள் வெட்டிய மரத்தை வைப்பதைவிட வெளியே நிறுத்துவதோ நிற்கும் மரத்தை அலங்கரிப்பதோ மேல். பீனிக்ஸிலிருந்து ஃப்ளாக்ஸ்டாஃப் நோக்கி ஏறும் 17-ஆம் எண் நெடுஞ்சாலையின் நடுத்திட்டில், 254-ஆம் மைல் குறிக்கு அருகே தனித்து நிற்கும் ஜூனிப்பர் மரம் ஒன்று இந்த வழக்கத்துக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். விழாக்காலம் வந்ததும் பெயர் சொல்ல விரும்பாத சிலர் அதற்குப் பளபளக்கும் சரிகைச் சரங்களையும் வண்ண உருண்டைகளையும் சூட்டிவிடுகின்றனர். அவ்வழியே செல்லும் எத்தனையோ குடும்பங்களுக்கு அதைத் தேடிப் பார்ப்பதே ஒரு மரபாகிவிட்டது.

வாகனம் வீடாகுமா என்ற கேள்வியை நெடுங்காலமாகச் சிந்தித்தவர்கள் யூதர்கள். முன்னோர் பாலைவனத்தில் தற்காலிகக் குடில்களில் வாழ்ந்ததை நினைவுகூரும் சுக்கோத் திருநாளில், இலைதழையால் கூரை வேய்ந்த சுக்கா என்னும் குடிலில் ஒரு வார காலம் உண்பது அவர்களுக்குக் கடமை. வண்டியின்மேலோ கப்பலின் தளத்தின்மேலோ கட்டிய குடிலும் செல்லும் என்று, ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூலே வகுத்திருக்கிறது. டிசம்பரை ஒட்டி வரும் ஹனுக்கா விழாவிலோ எட்டு இரவுகள் விளக்கேற்ற வேண்டும். அந்தக் கடமை வீட்டோடு பிணைந்தது என்பதால், ரயிலில் இரவுப் பயணம் செய்பவர் விளக்கேற்றலாமா என்ற ஐயம் எழுந்தபோது, மஹர்ஷம் என்று அறியப்பட்ட ரப்பி ஷாலோம் மொர்தெகாய் ஷ்வாத்ரோன், பயணச்சீட்டு வாங்கியவர் உண்ணவும் உறங்கவும் ஓரிடத்தை வாடகைக்கு எடுத்தவருக்கு ஒப்பாவார் என்று கருதி அதற்கு இசைவளித்தார். 1911-இல் மறைந்த அவர் ஆர்.வி. எதையும் கண்டவர் அல்லர். ஆனால் உண்ணுதலும் உறங்குதலும் நிகழுமிடம் வீடு என்ற அவருடைய அளவுகோல், வரித்துறையின் இன்றைய அளவுகோலோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகிறது. வெளியே செல்வோர் கண்ணில் படுமாறு விளக்கைச் சன்னலில் வைப்பது ஹனுக்கா வழக்கம் என்பதால், வரிசையாக வாகனங்கள் நிற்கும் முகாமில் அதன் ஒளி முன்பின் அறியாத அண்டையாருக்கும் போய்ச் சேருகிறது.

முகாம் மைதானங்கள் தமக்கென்றே சில விழா வழக்கங்களை வளர்த்துக்கொண்டிருக்கின்றன. அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் நாளில் மாறுவேடம் பூண்ட குழந்தைகள் வாகனத்துக்கு வாகனம் சென்று மிட்டாய் கேட்பதும், தங்குமிடத்தை அலங்கரிக்கும் போட்டியும் பல முகாம்களில் நடைபெறுகின்றன. 1971-இல் திறக்கப்பட்ட, ஃப்ளோரிடாவின் டிஸ்னி உலகத்தைச் சேர்ந்த ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமில் அலங்கரித்த கோல்ஃப் வண்டிகளின் ஊர்வலம் பெயர்பெற்றது. குளிரில் மூடிவிடும் வடமாநில முகாம்களில் பல, டிசம்பருக்குக் காத்திராமல் 'ஜூலையில் கிறிஸ்துமஸ்' என்ற பெயரில் கோடையிலேயே கிறிஸ்துமஸ் தாத்தாவை வரவழைத்துவிடுகின்றன. பஞ்சாங்கத்தை இப்படி வளைப்பதில் ஒரு விளையாட்டுத்தனம் இருந்தாலும், குழந்தைகளோடு கோடையில் மட்டுமே சேர்ந்திருக்க வாய்க்கும் குடும்பங்களுக்கு அது மெய்யான பண்டிகையே. ஜூலை நான்காம் நாள் சுதந்திர தினத்துக்கோ முன்யோசனை வேண்டும்: அரசு முகாம்களில் பலவற்றை ஆறு மாதத்துக்கு முன்பே முன்பதிவு செய்யலாம் என்பதால், நல்ல இடங்கள் ஜனவரியிலேயே தீர்ந்துவிடுகின்றன, தேசியப் பூங்காக்களிலோ வாணவேடிக்கைக்கு அனுமதி இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த விறகை முகாமில் எரிப்பதும் தகாது. 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்டு, ஆஷ் மரங்களைப் பெருமளவில் அழித்துவரும் ஆசிய வண்டு போன்ற பூச்சிகள் இத்தகைய விறகுக்கட்டைகளில் ஒளிந்தே தொலைவிடங்களுக்குப் பரவின. கலிஃபோர்னியா எல்லையில் உள்ள வேளாண் சோதனைச் சாவடிகள், பரிசாக எடுத்துச் செல்லும் ஆரஞ்சுக் கூடையையும் இதே காரணத்துக்காகப் பறிமுதல் செய்யக்கூடும்.

பண்டிகை நாளில் தனித்திருக்கும் வாகனங்களை ஒரு குடும்பமாக்குவது பாட்லக் என்னும் பொதுவிருந்து. ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுவந்து, மடக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பகிர்ந்துண்ணும் இவ்வழக்கத்தில், கோழியை வாட்ட இயலாதவர் பழ வகைகளுடன் வருகிறார், பெரிய ஓவன் உள்ளவர் எல்லாருக்குமாக வாட்டுகிறார். மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம் குளிர்காலத் தங்கலுக்கென்று திறந்துவிடும் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவெளியில், ஒரு சிற்றூரைச் சுற்றி ஆயிரக்கணக்கான வாகனங்கள் மாதக்கணக்கில் நிற்கும்போது, அங்குள்ள முதியோருக்கு டிசம்பர் 25-ஆம் நாள் இத்தகைய விருந்தாகவே கழிகிறது.

எனினும் இழப்பு இல்லை என்று சொல்வது உண்மையாகாது. பேரக்குழந்தைகள் பரிசைப் பிரிக்கும் வேளையில் தாத்தாவும் பாட்டியும் ஆயிரம் மைல் தள்ளி நிற்பது, எந்தப் பொதுவிருந்தாலும் நிரம்பாத குறை. நிலையான முகவரி இல்லாதவர்கள் 'ஜெனரல் டெலிவரி' என்று குறித்து ஓர் ஊரின் அஞ்சலகத்துக்கு வாழ்த்தையும் பொட்டலத்தையும் வரவழைத்துக்கொள்ளலாம். அவற்றை அஞ்சலகம் அதிகபட்சம் 30 நாள் வைத்திருக்கும். ஆனால் இவர்களில் பலர் மேற்கொள்ளும் வழி இன்னும் நேரானது: விழாக்காலத்தில் வாகனத்தையே பிள்ளைகளின் ஊருக்கு ஓட்டிச் சென்று, நகராட்சி விதிகள் இடந்தருமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, வீட்டு முற்றத்தில் நிறுத்தி, சாதாரண 15 ஆம்பியர் மின்செருகியில் இணைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிறிய இணைப்பில் சூடேற்றியையும் மைக்ரோவேவையும் சேர்த்து ஓட்ட முடியாது. ஆகவே சமையல் மகளின் அடுக்களையில் நடக்கிறது, இரவில் பேரக்குழந்தைகள் உறங்க வாகனத்துக்கு வருகிறார்கள்.